கச்சான் காலத்து வெயிலும் தவறணை மண்ணும்

ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் கச்சான் காற்றை ஊவா மாகாணத்துத் தோட்டங்கள் இரு மனத்தோடு எதிர்நோக்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய் மலைமுகட்டைக் கடந்து, பண்டாரவளை, ஹாலி எல, பதுளை, பசறை முதலிய இடங்களை வந்தடைகிறது. அக்காற்றிலும் வெயிலிலும் வளரும் கொழுந்திலேதான் உலகச் சந்தையிற் பெயர்பெற்ற ஊவாத் தேயிலையின் மணம் உண்டாகிறது. அதே வெயிலில், வேர் நலிந்த செடிகள் திட்டுத்திட்டாக மஞ்சளித்துக் காய்ந்துபோவதும் உண்டு. மணத்தைத் தருவதும் மடியச் செய்வதுமாகிய இவ்வெயிலை மூன்றாவதொரு பணிக்கும் பயன்படுத்தலாம். தவறணைக்கு வேண்டிய மண்ணில் அதன் வெப்பத்தைத் தேக்கி வைத்து, அம்மண்ணைப் பற்றியுள்ள நோய்மாசினை நீக்குவதே அப்பணி.

கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று பெரியதொரு பயிர்த்தொழிலையே வேரறுத்ததை இம்மாகாணம் முன்பு கண்டுள்ளது. இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்த இலைத் துருநோய் 1869ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காணப்பட்டது மடூல்சீமைப் பகுதியிலேயாம். துருநோய் காற்றிற் பறந்து வந்தது. தடுக்க வழியில்லாது போயிற்று. இங்கே கூறப்போகும் பகையோ பறப்பதில்லை. பெரும்பாலும் மனிதர் கையாலேயே ஒரு மலையிலிருந்து மற்றொரு மலைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது.

வேரில் வாழும் வட்டப்புழு

நூற்புழு எனவும் வட்டப்புழு எனவும் வழங்கும் இவ்வுயிர் அரை மில்லிமீற்றர் அளவே நீளமுடையது. தேயிலைக்குக் கேடு செய்யும் வட்டப்புழுக்கள் பலவாயினும், மலைநாட்டில் முதன்மையானது பிரட்டிலெங்கசு லூசி என்னும் இனமாகும். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் நிறுவப்பட்டது. அதன் அறிஞர்களான சி. எச். காட், சி. ஏ. லூஸ் ஆகியோர் தேயிலை வேர்ப்புழு பற்றிய தம் பரிசோதனைகளை 1941ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். நெதர்லாந்து அறிஞர் லோஃப் 1960இல் இவ்வினத்தைத் தனியினமெனப் பிரித்தறிந்து, லூஸ் அவர்களின் பெயரையே அதற்கு இட்டார். பின்னாளில் அந்நிறுவனத்தின் பணிப்பாளராகவும் விளங்கிய பி. சிவபாலன் இப்புழுவின் இயல்பையும் அதனை அடக்கும் முறைகளையும் நெடுங்காலம் ஆராய்ந்தவர்.

இப்புழு உணவுறிஞ்சும் சிறு வேர்களைத் துளைத்து உட்புகுந்து, திசுக்களை உண்டு, அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. அது சென்ற வழியெல்லாம் வேர் கறுத்து அழுகும். செடி உடனே சாவதில்லை. இதுவே ஏமாற்றத்திற்குக் காரணம். இலை சிறுத்து வெளிறும்; கொழுந்து குறையும்; காலமல்லாத காலத்திற் பூவும் காயும் மிகும். கவ்வாத்து வெட்டிய பின்னரே உண்மை வெளிப்படும். வேரிற் சேமிப்புச் சத்து இல்லாத செடி மீண்டுந் தளிர்க்கமாட்டாது நின்றுவிடும். கச்சான் காலத்து வறட்சியும் உடன் சேருமாயின் கேட்டின் அளவைச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கப்பிள்ளையும் துரையும் வறட்சியின்மேற் பழி போடுவர். உரம் போதவில்லை என்பாரும் உளர். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்ப்போர் சிலரே.

தேயிலைச் செடி பல பத்தாண்டுகள் நிலைத்து வாழ்வது. தவறணையிலேயே புழுவேறிய கன்று அத்தனை ஆண்டும் புழுவுடனேயே வாழும். அயற்செடிகளுக்கும் அதனைப் பரப்பும். சிறுதோட்டக்காரர் ஒருவர் பழைய தேயிலையைப் பிடுங்கி, நிலத்தைப் பதினெட்டு மாதம் தொடக்கம் இரண்டாண்டு வரை குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ இட்டு ஆற்றி, வருமானமின்றிக் காத்திருந்து, கடைசியில் விலைக்கு வாங்கிய கன்றோடு புழுவையும் சேர்த்து நடுவாராயின், அவர் பொறுத்த பொறுமையெல்லாம் வீணாகும்.

மலை முழுவதையும் அன்று, கன்றின் மண்ணை மட்டும்

ஒரு ஹெக்டேயர் நிலத்தின் மேல்மண்ணை ஆறு அங்குல ஆழத்திற்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,500 கன மீற்றர் வரும். நிலம் முழுவதையும் சூடாக்கித் தூய்மை செய்ய நினைப்பது பகற்கனவே. புழுவும் அவ்வாழத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆனால் ஒரு ஹெக்டேயருக்கு நட வேண்டிய கன்றுகள் ஏறக்குறைய 12,500. ஐந்து அங்குல அகலமும் ஒன்பது அங்குல உயரமும் உள்ள பொலித்தீன் உறையொன்று ஒரு லீற்றருக்குச் சற்று மேற்பட்ட மண்ணையே கொள்ளும்; ஒரு கன மீற்றர் மண்ணில் ஏறக்குறைய 900 உறைகளை நிரப்பலாம். ஆகவே ஒரு ஹெக்டேயருக்குரிய கன்றுகள் அனைத்திற்கும் பதினான்கு கன மீற்றர் மண் போதும். நிலத்தின் மேல்மண்ணோடு ஒப்பிட இது நூற்றில் ஒரு பங்கேயாம். நிலத்தைப் புல்லிட்டு ஆற்றுவதும் தவறணை மண்ணை வெப்பத்தால் தூய்மை செய்வதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன. ஒன்றை விட்டு மற்றதைச் செய்வதிற் பயன் குறைவு.

முன்னர் இவ்வேலைக்கு மெதயில் புரோமைட்டு என்னும் நச்சு வாயு பயன்படுத்தப்பட்டது. மண்மேல் பொலித்தீன் விரித்து, அதன்கீழ் வாயுவைச் செலுத்துவர். புழு, பூஞ்சணம், களைவிதை யாவும் மாளும். ஆனால் அவ்வாயுவுக்கு மணமில்லை; பணியாளர் அறியாமலே சுவாசித்துவிடக் கூடும். அன்றியும் வானத்தின் மேற்படையில் உள்ள ஓசோனை அது அழிக்கின்றது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் 1992இல் அது கட்டுப்பாட்டுக்குட்பட்டது. செல்வ நாடுகள் 2005ஆம் ஆண்டுக்குள்ளும், வளர்முக நாடுகள் 2015ஆம் ஆண்டுக்குள்ளும் பயிர்மண்ணில் அதன் பாவனையைக் கைவிட வேண்டுமென முடிவாயிற்று. வாயு போயிற்று, புழு போகவில்லை. வெப்பத்தின்பால் மீண்டும் கருத்துச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு வெப்பம் வேண்டும்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெனத் பேக்கர் 1957இல் வெளியிட்ட தவறணை நூல் இத்துறையில் வழிகாட்டியாயிற்று. ஈரமண்ணை அரைமணி நேரம் 49 பாகை செல்சியசில் வைத்தால் வட்டப்புழுக்கள் மடியும். 60 பாகையில் நோய்தரும் பூஞ்சணங்களிற் பெரும்பாலன மடியும். அவ்வளவில் நிறுத்தினால் மண்ணுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பல பிழைத்திருக்கும். மண்ணைக் கொதிநிலைக்கு ஏற்றினாலோ நல்லனவும் தீயனவும் ஒருங்கே மாளும். அவ்வாறு வெறுமையான மண்ணில் பின்னர் ஒரு புழுவோ பூஞ்சணமோ நுழையின், எதிர்ப்பார் எவருமின்றி முன்னிலும் விரைவாய்ப் பெருகும். அளவுக்கு மீறிச் சுட்ட புளிமண்ணில் மங்கனீசும் அமோனியாவும் மிகுந்து இளங்கன்றைக் கெடுத்தலும் உண்டு. ஆதலின் ‘சூடு கூடக்கூட நன்று’ என்பது இங்கே பொருந்தாது.

வெப்பநிலை குறைவாயின் காலத்தை நீட்ட வேண்டும். வேர்முடிச்சுப் புழுவின் முட்டைகளைக்கொண்டு செய்த ஆய்வுகளில், 42 பாகையில் அரைநாளளவிலும், 38, 39 பாகைகளிற் பல நாட்களிலும் அவை மடிந்தன. இஸ்ரவேல் நாட்டில் காட்டன் என்பாரும் அவருடைய துணைவரும் 1976இல் வெளியிட்ட முறை இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது. ஈரமான நிலத்தின்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய பொலித்தீனைக் கோடைகாலத்தில் நான்கு முதல் ஆறு வாரம் விரித்து வைத்தால், மேல்மண் நாடோறும் 45, 50 பாகை வரை சூடேறும். ஞாயிற்று வெப்பமூட்டல் என்று அதனைக் கூறலாம்.

மழையும் மூடுபனியும் அறிந்த மலைநாட்டில் இது நடக்குமா என்று ஐயுறுவோர்க்குச் சிறு கணக்கு ஒன்று உதவும். ஒரு கன மீற்றர் ஈரமண்ணில் உலர்ந்த மண் 1,300 கிலோகிராமும் நீர் 250 கிலோகிராமும் உள்ளதாகக் கொள்வோம். அதன் வெப்பநிலையை 20 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த ஏறக்குறைய 86 மெகாயூல் வெப்பம் வேண்டும். அம்மண்ணை ஆறு அங்குலக் கனத்திற் பரப்பினால் ஆறரைச் சதுர மீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். கச்சான் காலத்து மேகமற்ற நாளொன்றில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 20 மெகாயூல் வெயில் விழுமெனின், அப்பரப்பின் மேல் ஒரே நாளில் விழுவது 130 மெகாயூல். வேண்டியதினும் மிகுதி! குறை வெயிலில் இல்லை. வந்த வெப்பத்தைத் தேக்கி வையாமையிலேதான் உள்ளது. திறந்த மண் பகலிற் பெற்றதைக் காற்றுக்கும், ஆவியாகும் நீருக்கும், அடிநிலத்துக்கும், இரவில் வானத்துக்கும் இழந்துவிடுகிறது. அவ்வழிகளை அடைப்பதே தொழில்.

செய்யும் முறை

புழுவில்லாத இடத்து மண்ணையே முதலில் நாட வேண்டும். பழைய தேயிலை நின்ற மண்ணைக் காட்டிலும் புல்லிட்டு ஆற்றிய நிலத்து மண் ஏற்றது. மண்ணின் புளிப்பு அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருத்தல் நன்று. மண்ணைச் சலித்து, வேர்த்துண்டு, கட்டி, கல் ஆகியவற்றை நீக்குக. வேர்த்துண்டின் உள்ளே இருக்கும் புழுவையும் பூஞ்சணத்தையும் வெப்பம் தாமதமாகவே சென்றடையும். சலிப்பதற்குச் சோம்பினால் பிற்பாடு செய்யும் வேலை பாதியும் பாழாகும்.

பின்னர் மண்ணை நனைக்க வேண்டும். கையிற் பிடித்தால் உருண்டையாகத் திரளவும், விரலால் தட்டினால் உதிரவும் கூடிய ஈரமே அளவு. உலர்மண்ணில் வெப்பம் உள்ளே செல்லாது. உலர்நிலையில் உறங்கும் புழு வெப்பத்தைப் பெரிதும் தாங்கும். ஈரத்தில் விழித்தெழுந்த புழுவோ எளிதில் மடியும். நீரே வெப்பத்தைத் தேக்கும் பாண்டமுமாகும்: மேற்கண்ட கணக்கில், மண்ணின் எடையில் ஐந்திலொரு பங்கும் இல்லாத நீர், மொத்த வெப்பத்திற் பாதியளவைத் தன்னிடம் கொள்கிறது. அதற்காகச் சேறாக்கிவிடுதலும் தவறு. மிகுந்த நீரைச் சூடாக்கவே வெயில் செலவாகிவிடும்.

வெயில் நாள் முழுதும் விழுகின்ற, காற்று மறைவான இடத்தைத் தெரிந்துகொள்க. வெறுந்தரையில் மண்ணைக் கொட்டுதல் ஆகாது. உலர்ந்த மானாப் புல்லையோ மரத்தூளையோ நான்கு அங்குலம் பரப்பி, அதன்மேல் ஒரு பொலித்தீன் விரித்து, அதன்மேல் மண்ணை இடுக. புற்படுக்கை வெப்பம் கீழே இறங்காது காக்கும். பொலித்தீன் கீழிருந்து புழு ஏறாது தடுக்கும். மண்ணின் கனம் ஆறு அங்குலத்தைத் தாண்டலாகாது. நான்கு அங்குலமாயின் மேலும் நன்று. மேலே ஒளி ஊடுருவும் தெளிந்த பொலித்தீனை இழுத்துப் போர்த்தி, விளிம்புகளை மண்ணிட்டு அழுத்துக. கறுப்புப் பொலித்தீன் தானே சூடாகுமன்றி, மண்ணை அத்துணைச் சூடாக்காது.

ஒரு போர்வையினும் இரண்டு போர்வை சிறந்தது. முதற்போர்வைக்கு மேல், வளைத்த மூங்கிற் சிம்புகளின் மீது இரண்டாம் போர்வையைக் கூடாரம் போல் அமைத்தால், இடையில் அடைபட்ட காற்று கம்பளிபோல் வெப்பத்தைக் காக்கும். கச்சான் காற்று வீசும் மேட்டில் இது இன்றியமையாதது. கலிபோர்னியாவில் உறைகளில் நிரப்பிய தவறணை மண்ணை இவ்வாறு இரட்டைக் கூடாரத்தில் வைத்துத் தூய்மை செய்யும் முறைக்கு ஒப்புதல் அளித்தபோது, மண் முழுவதும் 70 பாகையில் அரைமணி நேரமோ 60 பாகையில் ஒரு மணி நேரமோ நிற்க வேண்டுமென விதித்தனர். உறைகள் எப்பக்கமும் வெப்பம் ஏற்பதால், குவித்த மண்ணினும் விரைவாய்ச் சூடேறும்.

மாலை வெயில் தாழ்ந்ததும் கூடாரத்தின்மேல் சாக்கும் உலர்புல்லும் இட்டு மூடி, காலையில் எடுத்துவிட வேண்டும். இஃது அலுப்பான வேலைதான். ஆயினும் பகலிற் சேர்ந்த வெப்பம் இரவில் முற்றும் போய்விடாது நின்றால், மறுநாள் வெயில் முந்தைய நாள் விட்ட இடத்திற்கு அருகிலிருந்தே தொடங்கும். பானையிற் சோற்றை வடித்துத் துணிபோர்த்தி வைக்கும் இல்லத்தாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வெப்பமானி இன்றி இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே நன்று. மண்ணின் மேற்புறம் கையைச் சுடும், அடிப்புறம் குளிர்ந்திருக்கும். ஆகவே அடியிலும் ஓரங்களிலும், மண் கடைசியாகச் சூடேறும் இடங்களிற் பார்த்து நாடோறும் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்விடங்களில் 60 பாகை ஒரு மணி நேரம் நின்றால் வேலை முடிந்தது. அவ்வளவு ஏறாது 42, 45 பாகையளவில் நிற்குமாயின், நான்கு முதல் ஆறு வாரம் போர்வையை அகற்றாது, கிழியாது காக்க வேண்டும்.

ஹப்புத்தளை, ஒஹிய போன்ற உயர்ந்த இடங்களில் பிற்பகலில் மூடுபனி இறங்கினால் இந்நம்பிக்கை பலிக்காது. அங்குத் தாழ்ந்த தோட்டங்களில் தூய்மை செய்த மண்ணை வரவழைக்கலாம். அல்லது தீயின் உதவியை நாடலாம். கிரெவிலியா முதலிய நிழல் மரங்களின் வெட்டுக்கொப்புகளை எரித்து, இரும்புத் தகட்டின்மேல் ஈரமண்ணை இட்டுக் கிளறி, 60 முதல் 65 பாகை வரை ஏற்றுதல் தேயிலை நாடுகளிற் பழகிய முறை. மரமும் ஞாயிற்றின் வெப்பத்தைத் தேக்கிய பண்டகமே. வெட்டினால் மீண்டுந் துளிர்ப்பது. காய்ந்த விறகு ஒரு கிலோகிராம் 15 மெகாயூல் தரும். திறந்த அடுப்பில் ஐந்திலொரு பங்கே மண்ணைச் சேரும் என்று கொண்டாலும், ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 30 கிலோகிராம் விறகு போதும். தகட்டிற் படிந்த மண் கருகாதவாறு இடைவிடாது கிளற வேண்டும்.

தூய்மை செய்தபின்

வெப்பத்தாற் பெற்ற தூய்மை ஒரு மண்வெட்டியாற் போய்விடும். புழுவுள்ள மலையிற் கொத்திய முள்ளையும் மண்வெட்டியையும் கழுவாது அம்மண்ணில் இடுவதே மிகப் பொதுவான பிழை. கூடை, சாக்கு, காலணி யாவும் அத்தகையனவே. உறைகளைத் தரையில் நேரே அடுக்காது, சரளைக்கல் பரப்பிய மேடையில் வைக்க வேண்டும். தவறணைக்கு மேலேயுள்ள பழைய தேயிலை மலையிலிருந்து வழியும் மழைநீர் உள்ளே வராதவாறு கான் வெட்டுக. அத்தகைய மலையினூடே ஓடிவரும் நீரைப் பீலியிற் பிடித்துக் கன்றுக்கு ஊற்றுவதும் ஆபத்தே. சூடேற்றிய மண்ணை நிழலில் மூடி, இரண்டு வாரமளவு ஆறவிட்ட பின்னரே தண்டுகளை நட வேண்டும். பயன்படுத்திய பொலித்தீனைச் சுருட்டி எடுத்து, மறுமுறைக்கு வைக்கலாம். கிழிந்ததைக் கானில் எறிந்தால் அடுத்த மழையில் கான் அடைபடும்.

வெப்பம் செய்யாதன

இவ்வெப்பம் உயிருள்ள மாசினை நீக்கும். எல்லா மாசினையும் அன்று. இலங்கைத் தேயிலையில் 1946இல் கொப்புள நோய் தோன்றியது முதல் அதனைத் தடுக்கச் செப்புக் கலவைகள் தெளிக்கப்பட்டு வந்துள்ளன. மண்ணிற் சேர்ந்த செம்பு 60 பாகையிலும் செம்பே, 600 பாகையிலும் செம்பே. தண்டு துளைக்கும் வண்டுக்கு ஒரு காலத்தில் தெளித்த டீல்திரின் போன்ற பழைய நஞ்சுகளையும் வெயில் கூடாரம் அழித்துவிடாது. ஆகவே மருந்து கலக்கும் இடத்து மண்ணையும், தொழிற்சாலை முற்றத்து மண்ணையும் ‘சூடேற்றினாற் சரியாகிவிடும்’ என்று தவறணைக்கு எடுத்தல் கூடாது.

டீசல் சிந்திய மண்ணின் நிலை வேறு. எண்ணெயை உண்டு சிதைக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் மெல்லவும், 25 முதல் 35 பாகை வரையிலான இளஞ்சூட்டில் விரைவாகவும் வேலை செய்யும். இங்கே கொல்லும் வெப்பம் வேண்டாம். வளர்க்கும் வெப்பமே வேண்டும். ஈரமும் காற்றும் சிறிது உரமும் கொடுத்து, அம்மண்ணை இளஞ்சூட்டில் வைத்திருத்தல் போதுமானது. பிறநாடுகளில் இக்கருத்து பெரிய அளவில் வளர்ந்துள்ளது. கனடாவின் அல்பேட்டா மாகாணத்தில் 52 வீடுகளைக் கொண்ட குடியிருப்பொன்று, கோடை வெயிலின் வெப்பத்தை நிலத்தில் இட்ட 144 துளைகளினூடாகத் தேக்கி மாரியிற் பயன்படுத்தும் முறையை 2007இல் தொடங்கியது. நிலத்தடி நீரில் வெப்பம் சேமிக்கும் பணியையும், கரைப்பான்களால் மாசுற்ற அந்நீரை நுண்ணுயிர்களாற் தூய்மை செய்யும் பணியையும் ஒன்றாக இணைப்பது பற்றி நெதர்லாந்தில் ஆராய்ந்துள்ளனர். சிறு தவறணைக்காரருக்கு அத்தகைய பொறிகள் வேண்டுவதில்லை. அவற்றின் அடிப்படை அவர் கூடாரத்திலும் உள்ளது.

காலக் கணக்கு

ஊவாவில் இவ்வேலைக்கு ஆடியும் ஆவணியும் தக்க மாதங்கள். சித்திரை மாதத்து இடிமழையும், ஐப்பசியிலிருந்து பெய்யும் வடகீழ்ப் பருவமழையும் கூடாரத்துக்கு உதவா. ஆவணியில் தூய்மையான மண்ணைப் புரட்டாதியில் உறைகளில் நிரப்பித் தண்டுகளை நட்டால், மறு ஆண்டு ஐப்பசி மழைக்குக் கன்றுகள் நடுவதற்கு ஆயத்தமாகும். அதற்கு ஒரு மாதம் முன்னர், தவறணையின் பல பக்கங்களிலிருந்தும் சில கன்றுகளை வேருடனும் மண்ணுடனும் எடுத்து, ஈரம் காயாதவாறு பொலித்தீன் பையிலிட்டு, வெயில் படாமல் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சோதனைக்கு அனுப்புக. பையின் வெளியே தோட்டத்தின் பெயர், மண் எடுத்த இடம், சூடேற்றிய நாட்கள், நாடோறும் குறித்த வெப்பநிலை ஆகியவற்றை எழுதி ஒட்டுதல் வேண்டும். புழு காணப்பட்ட மேடையின் கன்றுகளை மலைக்குக் கொண்டுசெல்லாது, உறையோடு அழித்துவிட வேண்டும்.